டெவலப்பர்களின் காத்திருப்பைக் குறைக்கும் 'தற்காலிகச் சூழல்': அது என்ன, எப்படி வேலை செய்கிறது?

கார்த்திகை தீபத்துக்கு திருவண்ணாமலை போனவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரிந்திருக்கும். அன்றைக்கு வெளியூர் பேருந்துகள் ஊருக்குள் வராது. வேலூர் சாலை, திண்டிவனம் சாலை, செங்கம் சாலை, திருக்கோவிலூர் சாலை என ஊருக்கு வரும் சாலைகளின் ஓரமாக தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்திருப்பார்கள். பந்தல், விளக்கு, குடிநீர், கழிப்பறை, வழிகாட்டிப் பலகை எல்லாம் இருக்கும். கூட்டம் கலைந்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள். அந்த இடம் மறுபடியும் வெறும் மைதானம்.

வருஷத்தில் சில நாள் வரும் கூட்டத்துக்காக, வருஷம் முழுக்க பத்து பேருந்து நிலையம் வைத்துப் பராமரிக்க முடியாது. ஒரே நிலையத்தில் எல்லாரையும் இறக்கினாலும் ஊரே ஸ்தம்பித்துவிடும். தேவைப்படும்போது போடு, வேலை முடிந்ததும் எடு. இதுதான் வழி.

மென்பொருள் துறையும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறது. அங்கே இதற்குப் பெயர் 'எஃபெமரல் என்விரான்மென்ட்'. தமிழில் தற்காலிகச் சூழல் என்று சொல்லலாம். மென்பொருள் எழுதுகிறவர்களின் அன்றாட வேலையை இது எப்படி மாற்றுகிறது? திருவண்ணாமலை மாதிரி ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இதனால் என்ன லாபம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், 'சூழல்' என்றால் என்ன?

ஒரு செயலி ஓடுவதற்கு அதன் கோடு மட்டும் போதாது. அது எழுதப்பட்ட மொழியின் சரியான பதிப்பு வேண்டும். தகவல்களைச் சேமிக்க டேட்டாபேஸ் வேண்டும். பணம் வாங்க, எஸ்எம்எஸ் அனுப்ப வேறு சேவைகளோடு இணைப்பு வேண்டும். கடவுச்சொற்கள், அமைப்புகள் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் சூழல்.

பெரும்பாலான நிறுவனங்களில் மூன்று சூழல்கள் இருக்கும். ஒன்று, டெவலப்பரின் சொந்த லேப்டாப். இரண்டாவது, எல்லாரும் சேர்ந்து சோதனை பார்க்கும் பொதுச் சூழல். இதை 'ஸ்டேஜிங்' என்பார்கள். மூன்றாவது, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜச் சூழல். அதற்குப் பெயர் 'புரொடக்ஷன்'.

எழுதிய கோடு லேப்டாப்பில் பிறந்து, ஸ்டேஜிங்கில் தேர்வு எழுதி, புரொடக்ஷனுக்குப் போகும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால், தினமும் நேரம் வீணாவது இந்தப் பாதையில்தான்.

பிரச்சினை எங்கே இருக்கிறது?

ஐடி கம்பெனிகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம் உண்டு: "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது!" ஒருவர் லேப்டாப்பில் டேட்டாபேஸின் புதிய பதிப்பு இருக்கும். இன்னொருவரிடம் பழையது இருக்கும். சர்வரில் வேறு ஒன்று. அதே கோடு ஒரு இடத்தில் ஓடும், இன்னொரு இடத்தில் விழும். யார் மேலும் தப்பு இல்லை. ஆனால், காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் போய்விடும்.

இரண்டாவது பிரச்சினை, புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்கு. "இதை இன்ஸ்டால் பண்ணு, அதை டவுன்லோடு பண்ணு, இந்த ஃபைல்ல அந்த வரியை மாத்து" என்று ஒரு நீண்ட பட்டியல் கொடுப்பார்கள். அதை எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். பட்டியலில் பாதி இன்றைக்குப் பொருந்தாது. முதல் வாரம் முழுக்க லேப்டாப்பைத் தயார் செய்வதிலேயே கழியும். இதில் புதியவர்களுக்கு ஒரு மன உளைச்சலும் உண்டு. "நமக்குத்தான் எதுவும் தெரியலையோ" என்று நினைத்துக்கொள்வார்கள். சந்தேகம் கேட்கவே கூசுவார்கள்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. அது ஸ்டேஜிங் வரிசை.

உதாரணமாக, பவுர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்காக விடுதி அறை முன்பதிவு செயலி ஒன்றை 4 பேர் கொண்ட குழு உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் யுபிஐ கட்டண முறையை மாற்றுகிறார். இன்னொருவர் பவுர்ணமி நாளுக்கான தனிக் கட்டணத்தைச் சேர்க்கிறார். மூன்றாமவர், ஆந்திரா, தெலங்கானாவில் இருந்து வரும் பக்தர்களுக்காக தெலுங்கு மொழியைச் சேர்க்கிறார். நான்காமவர் சோதனை பார்ப்பவர்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்டேஜிங். கட்டண முறையைச் சோதிக்கும்போது இன்னொருவர் தன் கோடை ஏற்றினால் சோதனை குழம்பும். உடனே குழு சாட்டில் மெசேஜ் வரும்: "ஸ்டேஜிங்கை யாரும் தொடாதீங்க, நான் டெஸ்ட் பண்ணிட்டு இருக்கேன்." மற்ற இருவரும் காத்திருக்க வேண்டும். ஒருவேளை ஸ்டேஜிங் உடைந்துவிட்டால், யாருடைய மாற்றத்தால் உடைந்தது என்று தேட வேண்டும். மூன்று பேரின் கோடும் அதில் கலந்து கிடக்கும்.

குழுவில் 4 பேர் இருக்கும்போதே இப்படி என்றால், 400 பேர் இருக்கும் நிறுவனத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தீபத்தன்று ஒரே பேருந்து நிலையம் திறந்து வைத்த கதைதான்.

தற்காலிகச் சூழல் எப்படி உருவாகிறது?

இதன் அடிப்படை, ஒரு செய்முறைக் குறிப்பு. சமையல் குறிப்பு மாதிரி. 'இந்த மொழியின் இந்தப் பதிப்பு, இந்த டேட்டாபேஸ், இந்த அமைப்புகள், கடைசியாக இந்தக் கட்டளை' என்று சூழலுக்குத் தேவையான அனைத்தையும் ஒரு ஃபைலில் எழுதி, கோடோடு சேர்த்து வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சூழலை மனிதர் அமைக்க வேண்டியதில்லை. கணினியே குறிப்பைப் படித்து அமைத்துக்கொள்ளும்.

இதைச் சாத்தியமாக்கியது 'கன்டெய்னர்' தொழில்நுட்பம். செயலியையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, எந்த சர்வரிலும் ஒரே மாதிரி ஓட வைக்கும் முறை இது. 2013-ல் வெளியான டாக்கர் இதைப் பரவலாக்கியது. அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான பெட்டிகளை எந்த சர்வரில் வைப்பது, எப்போது நிறுத்துவது என்று மேற்பார்வை செய்யும் குபர்நெட்டீஸை 2014-ல் கூகுள் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. இந்த இரண்டும் வந்த பிறகு, புதிய சூழலை உருவாக்குவது சில நிமிட வேலையாக மாறியது.

நடைமுறையில் இப்படி நடக்கும்:

1. டெவலப்பர் ஒரு பட்டனை அழுத்துவார், அல்லது தன் மாற்றத்தைக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்புவார்.

2. அந்த மாற்றத்துக்காக மட்டும் கிளவுடில் ஒரு தனிச் சூழல் உருவாகும். மாதிரித் தகவல்களும் அதில் நிரப்பப்படும்.

3. அதற்கென ஒரு தனி இணைய முகவரி கிடைக்கும். அந்த லிங்க்கை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பி, "பாத்துட்டு சொல்லுங்க" எனலாம்.

4. மாற்றம் ஏற்கப்பட்டாலோ, நிராகரிக்கப்பட்டாலோ, குறித்து வைத்த நேரம் முடிந்தாலோ, சூழல் தானாகவே அழிந்துவிடும்.

இதில் நான்காவது படிதான் உயிர்நாடி. சூழல் அழியப்போகிறது என்பதால், யாரும் அதில் கைவைத்து ரகசியமாக எதையும் சரிசெய்ய மாட்டார்கள். சரிசெய்தாலும் நாளைக்கு அது இருக்காது. எனவே எந்தத் திருத்தமாக இருந்தாலும் செய்முறைக் குறிப்பில்தான் எழுதியாக வேண்டும். ஒருவர் மண்டைக்குள் இருந்த ரகசியம் எல்லாருக்கும் பொதுவாகிறது. குறிப்பு எப்போதும் புதிதாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

எத்தனை வகை இருக்கிறது?

பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கோடு எழுதுவதற்கான சூழல். லேப்டாப்பில் எதையும் நிறுவ வேண்டாம். பிரவுசரைத் திறந்தால் கிளவுடில் ஒரு கணினி தயாராக இருக்கும். கிட்ஹப் நிறுவனத்தின் கோட்ஸ்பேஸஸ் இந்த வகை.

இரண்டாவது வகை, முன்னோட்டச் சூழல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செயலியின் ஒரு தனி நகல். ஹெரோக்கு நிறுவனம் 2015-ல் 'ரிவ்யூ ஆப்ஸ்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. வெர்செல், நெட்லிஃபை போன்ற சேவைகள் இணையதளங்களுக்கு இதை வழக்கமாகவே ஆக்கிவிட்டன. நம் விடுதி உதாரணத்தில், தெலுங்கு மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவருக்கு கம்ப்யூட்டர் கோடு எதுவும் தெரிய வேண்டாம். லிங்க்கைப் போனில் திறந்து, "இந்தப் பட்டன்ல எழுத்து வெளியே வழியுது" என்று அன்றைக்கே சொல்லிவிடலாம்.

மூன்றாவது வகை, பகுதிச் சூழல். பெரிய நிறுவனங்களின் செயலி ஒரே துண்டாக இருக்காது. நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு டெவலப்பருக்கும் அத்தனையையும் நகலெடுப்பது கட்டுப்படியாகாது. அதனால், மாற்றம் செய்யும் சேவைக்கு மட்டும் தற்காலிக நகல் போட்டு, மீதி எல்லாவற்றுக்கும் பொதுச் சூழலையே பயன்படுத்துவார்கள்.

45 நிமிடம், 10 நொடி ஆனது எப்படி?

தற்காலிகச் சூழலின் பலனைப் பற்றி பகிரங்கமாக எழுதிய நிறுவனங்களில் கிட்ஹப் முக்கியமானது. 2008-ல் தொடங்கி, 2018-ல் மைக்ரோசாஃப்ட் வசம் போன இந்த நிறுவனம், உலகம் முழுக்க டெவலப்பர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளம். ஆனால், அந்தத் தளத்தை உருவாக்கும் சொந்த ஊழியர்களே சூழல் பிரச்சினையில் சிக்கித் தவித்தார்கள்.

கிட்ஹப் தளத்தின் கோடுக் களஞ்சியம் ஏறத்தாழ 13 ஜிபி. அதை இறக்குவதற்கே சுமார் 20 நிமிடம். முழுச் சூழலும் தயாராக சுமார் 45 நிமிடம். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். ஊழியர்கள் பல ஆண்டுகளாக மேக் கணினிகளில் உள்ளூரிலேயே வேலை பார்த்துப் பழகியவர்கள். ஒரு சூழலை எப்படியோ ஓட வைத்துவிட்டால், பிறகு அதைத் தொடவே பயப்படுவார்கள்.

கோட்ஸ்பேஸஸுக்கு மாறியபோது, முழு வரலாற்றையும் இறக்காமல் தேவையானதை மட்டும் முதலில் எடுத்தார்கள். பெரும்பகுதி அமைப்பை முன்கூட்டியே தயாரித்து வைத்தார்கள். 45 நிமிடம் 5 நிமிடமானது. பிறகு, தயார் நிலையில் சில சூழல்களை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொண்டார்கள். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடலாம். 5 நிமிடம் 10 நொடியானது. 2021 ஆகஸ்ட்டில் இந்த விவரங்களை அந்த நிறுவனமே வெளியிட்டது.

நேரம் குறைந்தது ஒரு பக்கம். சூழலைத் தூக்கிப் போடுவதற்கான பயம் போனது இன்னொரு பக்கம். உடைந்தால் என்ன, 10 நொடியில் இன்னொன்று வருமே!

இந்தியாவில் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ரேஸர்பே அதற்கு நல்ல உதாரணம். 2014-ல் தொடங்கிய ஆன்லைன் பணப் பரிவர்த்தனை நிறுவனம் இது. அதன் பொறியாளர்கள் 'டெவ்ஸ்டாக்' என்ற பெயரில் ஒரு கருவித் தொகுப்பை உருவாக்கி, ஓப்பன் சோர்ஸாகவும் வெளியிட்டார்கள்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல், சிறு சேவைகளாகப் பிரிந்த எந்த நிறுவனத்துக்கும் பொதுவானதுதான். ஒரு வரி மாற்றினாலும் அதைக் கன்டெய்னராகக் கட்டி, சர்வரில் ஏற்றி, நிறுவிப் பார்க்க வேண்டும். தப்பு என்றால் மறுபடியும் முதலில் இருந்து. லேப்டாப்பிலேயே எல்லாவற்றையும் ஓட்டலாம் என்றால், அத்தனை சேவைகளை லேப்டாப் தாங்காது.

டெவ்ஸ்டாக் மேலே சொன்ன மூன்றாவது வகையைச் சேர்ந்தது. டெவலப்பர் மாற்றம் செய்யும் சேவைக்கு மட்டும் குபர்நெட்டீஸில் தற்காலிக நகல் உருவாகும். அவர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு அடையாளச் சீட்டு ஒட்டப்படும். வழியில் நிற்கும் போக்குவரத்து மென்பொருள் அந்தச் சீட்டைப் பார்த்து, கோரிக்கையை அவருடைய நகலுக்குத் திருப்பிவிடும். சீட்டு இல்லாத மற்றவர்களின் கோரிக்கை வழக்கமான பாதையில் போகும். ஒரே சாலையில் போகும் பஸ்களில், ஸ்பெஷல் பஸ்ஸை மட்டும் போர்டைப் பார்த்து வேறு பக்கம் திருப்பிவிடுவது போலத்தான்.

டெவலப்பர் தன் லேப்டாப்பில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தால், அந்த மாற்றம் கிளவுடில் இருக்கும் நகலில் நேரடியாகப் பிரதிபலிக்கும். ஒவ்வொரு முறையும் கன்டெய்னரைக் கட்டி ஏற்றும் வேலை இல்லை. குறித்த நேரம் முடிந்ததும் நகலைத் துடைத்தெடுக்க தனியாக ஒரு கருவியும் உண்டு.

டெவலப்பருக்கு உண்மையில் என்ன லாபம்?

"சும்மா சில நிமிஷம் மிச்சம், அவ்வளவுதானே?" என்று தோன்றலாம். அவ்வளவு மட்டும் இல்லை.

டெவலப்பர்களின் பணி அனுபவம் பற்றி 2023-ல் அபி நோடா, மார்கரெட்-ஆன் ஸ்டோரி, நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், மிக்கேலா கிரைலர் ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இத்துறையில் அதிகம் பேசப்படுகிறது. வேலை நன்றாக நடப்பதற்கு மூன்று விஷயங்கள் முக்கியம் என்கிறது அது. செய்த வேலையின் விளைவு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது? மண்டையில் எவ்வளவு பாரம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது? இடையூறு இல்லாமல் ஆழ்ந்து வேலை செய்ய முடிகிறதா?

தற்காலிகச் சூழல் இந்த மூன்றையும் தொடுகிறது. மாற்றிய உடனே விளைவைப் பார்க்கலாம். எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று நினைவில் வைத்திருக்க வேண்டாம். ஸ்டேஜிங் எப்போது காலியாகும் என்று காத்திருந்து, அதற்குள் வேறு வேலைக்குப் போய், திரும்பி வந்து "எங்க விட்டோம்?" என்று தேட வேண்டாம்.

வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தீபத் திருவிழாவுக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கட்டணச் சீட்டுகள் ஆன்லைனில்தான் விற்கப்படுகின்றன. இப்படி விற்பனை தொடங்கும் நிமிடத்திலேயே பல்லாயிரம் பேர் முண்டியடிக்கும் எந்தத் தளத்துக்கும், கடைசி நேரத் திருத்தம் ஆபத்தானது. நிஜத் தளத்தைப் போலவே ஒரு தற்காலிக நகல் போட்டு, அதன் மேல் செயற்கையாகக் கூட்டத்தை ஏவிவிட்டு, தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு கலைத்துவிடலாம். உடைய வேண்டியது அங்கேயே உடையும். பக்தர் கைப்பேசியில் உடையாது.

திருவண்ணாமலை போன்ற ஊர்களுக்கு ஏன் முக்கியம்?

கொரோனாவுக்குப் பிறகு, சொந்த ஊரில் இருந்தே ஐடி வேலை பார்ப்பது பலருக்குப் பழகிவிட்டது. தமிழக அரசும் சென்னைக்கு வெளியே மினி டைடல் பூங்காக்களைக் கட்டிவருகிறது. பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில், திருச்சிற்றம்பலம் கிராமத்தில் 2024 பிப்ரவரியில் ஒன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு தஞ்சாவூர், சேலத்திலும் திறக்கப்பட்டன. திருவண்ணாமலையிலும் ஆரணியிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து முடிக்கிற பிள்ளைகளுக்குத் திறமை ஒரு தடையே இல்லை.

தடையாக இருப்பது பெரும்பாலும் கருவி. பெரிய செயலி ஒன்றை முழுமையாக ஓட்ட 16 அல்லது 32 ஜிபி மெமரி கொண்ட லேப்டாப் தேவைப்படலாம். அதன் விலை ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்ன தொகை இல்லை. 2025-26 தமிழக பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு 2 ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சாதாரண கணினி கையில் இருந்தாலே போதும், கனமான வேலையை கிளவுட் சர்வர் பார்த்துக்கொள்ளும் என்றால், அந்த மாணவருக்கும் சென்னை ஓஎம்ஆரில் விலையுயர்ந்த லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவருக்கும் இடைவெளி குறையும்.

பல ஜிபி கோடை ஊர் இணைப்பில் இறக்க வேண்டியதும் இல்லை. சர்வர்களுக்கு இடையே நடக்கும் இறக்கம் அங்கேயே வேகமாக முடிந்துவிடும். டெவலப்பரின் இணைப்பில் வருவது திரையும் எழுத்தும் மட்டுமே.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தூர நாட்டில் இருந்தால், தட்டிய எழுத்து திரையில் தெரியவே தாமதமாகும். மைக்ரோசாஃப்ட்டின் அஸ்யூர் சேவைக்கு சென்னையிலும், அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பை, டெல்லியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால், பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

செலவு எவ்வளவு ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சர்வரை மாதம் முழுக்க ஓடவிட்டால் 24 மணி நேரம், 30 நாள், ஆக 720 மணி நேரம். ஆனால், ஒருவர் வேலை பார்ப்பது ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால், 22 வேலை நாளில் 176 மணி நேரம்தான். மீதி 544 மணி நேரம் யாரும் இல்லாத கடையில் விளக்கு எரிந்தது போலத்தான். வேலை நேரத்தில் மட்டும் ஓடும் சூழலுக்கு, அதே சர்வருக்கான கட்டணத்தில் கால் பங்குதான் ஆகும்.

தனிநபர்கள் இலவசமாகவும் பழகிப் பார்க்கலாம். கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் கோட்ஸ்பேஸஸுக்கு மாதம் 120 'கோர் மணி நேரம்' தருகிறார்கள். 2 கோர் கொண்ட சிறிய கணினியை எடுத்தால் 60 மணி நேரம் கிடைக்கும். ஒரு மாணவரின் புராஜெக்ட்டுக்கு இது ஓரளவு போதும். யாரும் தொடாமல் 30 நிமிடம் ஆனால் தானாக நின்றுவிடும்.

ஆனால், இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். தானாக அழியும் ஏற்பாடு செய்யாவிட்டால், இந்தத் தொழில்நுட்பம் பணத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சூழல் என்று போட்டு, எடுக்க மறந்தால், மாதக் கடைசியில் வரும் கிளவுட் பில் அதிர்ச்சி தரும். போடுவதற்கு ஒரு பட்டன் வைக்கும் முன்பே, எடுப்பதற்கு ஒரு கெடு வைத்துவிட வேண்டும்.

டேட்டாவை என்ன செய்வது?

கோடை நகலெடுப்பது சுலபம். தகவலை நகலெடுப்பதுதான் சிக்கல். "நிஜ டேட்டாபேஸையே ஒரு காப்பி போட்டுக்கலாமே?" என்று தோன்றும். கூடவே கூடாது. அதில் நிஜ மனிதர்களின் பெயர், போன் நம்பர், முகவரி இருக்கும். சோதனைச் சூழலின் பாதுகாப்பு பொதுவாக பலவீனமாகவே இருக்கும். லிங்க் கிடைத்த யாரும் பார்த்துவிடலாம். 2023-ல் இந்தியாவில் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

சரியான வழி, கற்பனைப் பெயர்களும் எண்களும் கொண்ட சிறிய மாதிரி டேட்டாவைத் தயாரித்து, செய்முறைக் குறிப்போடு வைத்துக்கொள்வது. விடுதி உதாரணத்தில் 20 அறைகள், 50 பதிவுகள், அதில் ரத்தானவை சில, பணம் திரும்பிப் போனவை சில. இவ்வளவு போதும். லிங்க்கையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட வேண்டும்.

எங்கே இது சரிவராது?

எல்லா இடத்துக்கும் இது மருந்து இல்லை. இணைப்பு போனால் கிளவுட் கணினியும் கையை விட்டுப் போகும். மழைக்காலத்தில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் கிராமத்தில் இருப்பவர், லேப்டாப்பிலும் ஒரு நகல் வைத்திருப்பதே பாதுகாப்பு. செய்முறைக் குறிப்பு இருந்தால், அதே சூழலை டாக்கர் மூலம் லேப்டாப்பிலும் அமைத்துக்கொள்ளலாம்.

ஒருவர், இருவர் சேர்ந்து செய்யும் சின்ன இணையதளத்துக்கு குபர்நெட்டீஸ், அடையாளச் சீட்டு என்றெல்லாம் இறங்கினால், அதைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும். பழைய மென்பொருள்கள், தனி வன்பொருளை நம்பி ஓடும் செயலிகள் போன்றவற்றையும் இப்படி நகலெடுப்பது கடினம். தற்காலிக நகலில் எல்லாம் சரியாக ஓடினாலும், நிஜச் சூழலில் மட்டும் தலைகாட்டும் பிழைகளும் உண்டு. நகல் நகல்தான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

சின்னக் குழுவாக இருந்தால், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இந்த வரிசையில் போகலாம்:

முதலில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் எந்தப் படியில் எல்லாம் திணறினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுவே செய்முறைக் குறிப்பின் முதல் வரைவு.

இரண்டாவது, அந்தக் குறிப்பைக் கணினி படிக்கும் ஃபைலாக மாற்றி, கோடோடு சேர்த்து வையுங்கள். வேறு எதையும் செய்யாவிட்டாலும், 'என் மெஷின்ல ஓடுது' பிரச்சினையில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, மாதிரி டேட்டாவைத் தயார் செய்யுங்கள்.

நான்காவது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னோட்ட லிங்க் கிடைக்கும்படி செய்யுங்கள். கூடவே அழியும் கெடுவையும் வையுங்கள்.

ஐந்தாவது, ஒரு மாதம் கழித்து இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். புதியவர் தன் முதல் மாற்றத்தைச் செய்ய எத்தனை நாள் ஆனது? "ஸ்டேஜிங்கைத் தொடாதீங்க" என்ற மெசேஜ் எத்தனை முறை வந்தது? இரண்டும் குறைந்திருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

சுருக்கமாகச் சொன்னால், சர்வரைக் கட்டிக் காப்பாற்றுவது ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. இப்போது அதைத் தயங்காமல் கலைத்துவிட்டு, கேட்டவுடன் மறுபடி உருவாக்க முடிவதுதான் பலம். அந்தப் பலம் குறிப்பாக எழுதி வைக்கப்பட்டுவிட்டால், அது சீனியர் ஒருவரின் மண்டையிலோ, விலையுயர்ந்த லேப்டாப்பிலோ அடைபட்டுக் கிடக்காது. முதல் வேலையில் சேர்ந்திருக்கும் திருவண்ணாமலைப் பெண்ணுக்கும், பத்து வருட அனுபவம் உள்ளவருக்கும் திங்கள்கிழமை காலை ஒரே மாதிரி விடியும். இருவரும் அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம்.